புதுக் கிணற்றில் தண்ணீர் தெளியவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், முக்கியமானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்:

"பேராவூரணிப் பக்கம், கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். கஜா புயலில் தென்னை எல்லாம் போய், இப்போதுதான் மறுபடி வைத்த கன்றுகள் தலையெடுக்கின்றன. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், எல்லாம் நானும் மாமியாரும்தான். சித்திரைக் கடைசியில் கொல்லையில் உறைக்கிணறு இறக்கினோம். நாலடி விட்டச் சிமென்ட் உறை, 22 அடி ஆழம். மேலே செம்மண், அப்புறம் மஞ்சள் களி, 15 அடியில் நொய்மணல் வந்ததும் ஊற்று அடித்து, தண்ணீர் ஏறி 12 அடியில் நின்றது. மூன்று வாரம் ஆகிறது, இன்னும் பால் ஊற்றின டீ மாதிரிதான் இருக்கிறது. கிணறு வெட்டினவர் 'நல்லா இறைச்சு விடுங்க, தெளிஞ்சிடும்' என்றார். 5 ஹெச்.பி. இன்ஜின் வாடகைக்கு எடுத்து மூன்று தடவை அடி வரைக்கும் இறைத்தோம். ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மோசமாகத்தான் ஊறியது. உறைக்குப் பக்கத்தில் தரை ஒரு சாண் உள்வாங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று 2 கிலோ படிகாரம் துணியில் கட்டி இறக்கினோம், இரண்டு நாள் தெளிந்தது, மறுபடி கலங்கிவிட்டது. காலையில் எடுக்கும் முதல் நாலைந்து வாளி மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. 5 கிலோ பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொல்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. மாமியார் தேற்றாங்கொட்டை போதும் என்கிறார். நீர்மூழ்கி மோட்டாரும் வாங்கி வைத்தாகிவிட்டது. என்ன செய்யட்டும்?"

அம்மா, முதலில் அந்த இன்ஜினைத் திருப்பி அனுப்புங்கள். மீதி எல்லாம் அப்புறம். பிளீச்சிங் பவுடரைக் கொட்டாமல் நிறுத்தினீர்களே, அது ரொம்ப நல்ல காரியம். உங்கள் கிணறு கெட்டுப்போகவில்லை. வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். உறை இறங்கி ஊற்று அடித்ததும் வேலை முடிந்தது என்று கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அடியில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைச் செய்யாத கிணறு எத்தனை இறைத்தாலும் தெளியாது.

நீங்கள் எழுதினதிலேயே காரணம் இருக்கிறது. காலையில் முதல் நாலைந்து வாளி தெளிவு, அப்புறம் கலங்கல் என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம். ராத்திரி யாரும் இறைக்காததால் தண்ணீர் அசையாமல் நிற்கிறது, தூசு அடியில் உட்காருகிறது. நீங்கள் இறைத்ததும் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட அடியிலிருந்து ஊற்று வருகிறது, வரும்போது நொய்மணலையும் களியையும் தூக்கிக்கொண்டு வருகிறது. மழைத் தண்ணீர் மேலிருந்து இறங்கிக் கலக்கியிருந்தால் மழை பெய்த மறுநாள் மோசமாகவும் மற்ற நாளில் பரவாயில்லாமலும் இருந்திருக்கும். உங்களுக்கு இந்த மூன்று வாரத்தில் மழையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் கலங்கல் வருவது அடியிலிருந்துதான்.

இன்ஜின் வைத்து இறைத்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். வெளியே மண்ணுக்குள் தண்ணீர் 12 அடியில் நிற்கிறது. உள்ளே நீங்கள் 22 அடி வரைக்கும் காலி செய்துவிட்டீர்கள். ஆக உறைக்கு வெளியே உள்ள தண்ணீர் பத்தடி உயரத்தின் அழுத்தத்தோடு அடி மணலைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. நொய்மணல் அதைத் தாங்காது. கஞ்சி கொதிக்கிற மாதிரி பொங்கும். கிணறு வெட்டுகிறவர்களே "மணல் கொதிக்குது" என்றுதான் சொல்வார்கள். பொங்கின மணல் கிணற்றுக்குள் வந்தால் அது இருந்த இடம் காலியாகும் இல்லையா, அந்தக் காலி இடத்துக்கு மேலிருக்கிற மண் இறங்கும். உங்கள் தரை ஒரு சாண் உள்வாங்கினது அதனால்தான். நாலாவது தடவை இறைத்திருந்தால் உறை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். சாய்ந்த உறையை நிமிர்த்துவது மிகவும் கஷ்டம், பெரும்பாலும் கிணற்றையே கைவிட வேண்டி வரும். அதனால்தான் முதல் வரியிலேயே இன்ஜினைச் சொன்னேன்.

கடல் பக்கம் என்பதால் இன்னொரு பயமும் எனக்கு உண்டு. கடலோரத்தில் நல்ல தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் நிற்கும். மேலே அதிகமாக உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப அடி வரைக்கும் இறைத்தபோது சில இடங்களில் உப்பு குறையாமல் போனது, கிணற்றுச் சுவர்களும் இடிந்தன. அவர்களுக்கு வந்த பிரச்சினை வேறு, ஆனால் ஆழமில்லாத மணல் கிணற்றை ஒட்ட இறைக்கக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது. உங்கள் தண்ணீர் இப்போது உப்புக் கரிக்கிறதா என்று எழுதவில்லை. நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம்.

சரி, இனி செய்ய வேண்டியது. இன்றைக்கே இரண்டு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி அடி வரைக்கும் விட்டு அளந்து பாருங்கள். வெட்டும்போது 22 அடி என்றால் இப்போது 20தான் இருக்கும் என்று நினைக்கிறேன், மூன்று தடவை பொங்கின மணல் உள்ளேதானே கிடக்கும். அந்த அளவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் ரொம்ப உதவும்.

இரண்டாவது, பாட்டில் சோதனை. நல்ல வெள்ளைக் கண்ணாடி பாட்டிலோ, லேபிள் கிழித்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோ எடுத்து, சாயங்காலம் கலங்கல் அதிகமாக இருக்கும்போது நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வெளிச்சம் படும்படி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காருவது மணல். அதற்குப் பிறகு ஒரு ராத்திரிக்குள் உட்காருவது வண்டல். மறுநாள் காலையிலும் தண்ணீருக்குள் புகை மாதிரி தொங்கிக்கொண்டிருப்பது களி. களித் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே, அது ஓர் அடி இறங்கவே முக்கால் நாளுக்கு மேல் ஆகும், அதைவிடச் சன்னமானவை தானாக இறங்கவே இறங்காது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். அடியில் படிந்ததை ஸ்கேல் வைத்து அளந்து, எது எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருவேளை எடுக்கும்போது தெளிவாக இருந்து, திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் துரு நிறமாக மாறினால் அது மண்ணே இல்லை, இரும்புச் சத்து. அதற்கு வைத்தியம் வேறு, தண்ணீரைக் காற்றுப் படக் கொட்டி மணல் வழியாக வடிக்க வேண்டும். உங்கள் வர்ணனையைப் பார்த்தால் அது இல்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் பாட்டில் சொல்லட்டும்.

இனி இறைப்பது. இறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, மெதுவாக இறைக்க வேண்டும். வெட்டும்போது கலைந்த களியும் வண்டலும் வெளியே போகத்தான் வேண்டும், ஆனால் மணல் கொதிக்காத வேகத்தில். அரை ஹெச்.பி. மேல்நிலை மோட்டார் ஒன்று வாடகைக்கோ இரவலாகவோ எடுங்கள், தண்ணீர் 12 அடியில் இருப்பதால் அது தாராளமாக உறிஞ்சும். உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு அடி மணலிலிருந்து மூன்றடி மேலே தொங்கட்டும். வெளியேறும் குழாயில் ஒரு கேட் வால்வு போட்டுப் பாதி மூடி ஓட்டுங்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு, தண்ணீர் மட்டம் இரண்டடிக்கு மேல், போனால் மூன்றடிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இறங்கினால் வால்வை இன்னும் மூடுங்கள். நாலடி உறையில் ஓர் அடிக்கு ஏறக்குறைய 350 லிட்டர் நிற்கும், மூன்றடி என்றால் ஆயிரத்துச் சொச்சம் லிட்டர்தான், அதனால் மோட்டாரை விட்டுவிட்டு உள்ளே போய் சமையல் செய்ய முடியாது, பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், மறுபடி ஓட்டுங்கள். நிறுத்தும்போது ஊற்று பின்வாங்கி மண்ணை அசைக்கும், ஓட்டும்போது அசைந்த தூசு வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துச் சன்னல் திட்டில் வரிசையாக வையுங்கள். முதல் நாள் டம்ளருக்கும் நாலாம் நாள் டம்ளருக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மோட்டார் கிடைக்காவிட்டால் சகடையில் வாளி போட்டு இறைத்தாலும் சரிதான், நாள் கூடும், அவ்வளவுதான். தண்ணீரைத் தென்னங்கன்றுகளுக்கு விடுங்கள், கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி விழட்டும், பக்கத்திலேயே விட்டால் அதே தண்ணீர் மண்ணை ஊறவைத்து உறையோரமாக இறங்கும்.

நாலைந்து நாள் இப்படிச் செய்தால் பாதித் தெளிவு வரும். முழுத் தெளிவு வராது. ஏனென்றால் அடியில் நொய்மணல் வெறுமனே திறந்து கிடக்கிறது. இங்கேதான் நான் சொன்ன பாக்கி வேலை வருகிறது: அடியில் வடிகட்டும் அடுக்கு போடுவது.

பெரும்பாலும் எல்லோரும் செய்யும் தப்பு இதில்தான். "அடியில் கல் போட்டால் தெளியும்" என்று கேள்விப்பட்டு ஒரு டிராக்டர் கருங்கல்லைக் கொட்டிவிடுவார்கள். தேங்காய் அளவுக் கல்லுக்கு நடுவில் கைவிரல் நுழையும் சந்து இருக்கிறது, நொய்மணல் அதில் புகுந்து ஏறி வராமல் இருக்குமா? ஆறு மாதத்தில் கல் மணலுக்குள் புதைந்து போகும், கலங்கல் அப்படியே இருக்கும். இன்னொரு கூட்டம் வீட்டுத் தண்ணீர் வடிகட்டி மாதிரி நினைத்து பெரிய ஜல்லி அடியிலும் மணல் மேலேயும் போடும். வீட்டு வடிகட்டியில் தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது, கிணற்றில் கீழிருந்து மேலே வருகிறது. அதனால் வரிசை தலைகீழ். பொடிசு அடியில், பெரிசு மேலே.

அளவை அடுக்களைச் சாமானில் சொல்கிறேன், மறக்காது: கடுகு, கொண்டைக்கடலை, நெல்லிக்காய். அடியில் நொய்மணலைத் தொட்டுக்கொண்டு கடுகு அளவுப் பருமணல், ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர். அதன் மேல் கொண்டைக்கடலை அளவுக் கல், கடையில் சிப்ஸ் என்பார்கள், ஆறு எட்டு மில்லிமீட்டர். அதன் மேல் நெல்லிக்காய் அளவு, முக்கால் இன்ச் ஜல்லி. ஒவ்வொரு அடுக்கும் கீழே இருப்பதைவிட நாலைந்து மடங்குக்கு மேல் பெரிதாகப் போகக் கூடாது, போனால் கீழ் அடுக்கு மேல் அடுக்கின் சந்து வழியாக நழுவி ஏறிவிடும். நொய்மணலைக் கடுகு பிடிக்கும், கடுகைக் கடலை பிடிக்கும், கடலையை நெல்லிக்காய் தன் எடையால் அழுத்தி வைக்கும். கணக்கு அவ்வளவுதான். ஓர் அடுக்கு அரை அடி கனம் போதும். நாலடி விட்டத்துக்கு அது ஆறேகால் கன அடி, சிமென்ட் சாக்கில் அளந்தால் அடுக்குக்கு ஐந்து சாக்கு, மொத்தம் பதினைந்து சாக்கு. லாரி வேண்டாம், ஒரு தட்டு வண்டி போதும்.

பருமணல் கடையில் கேட்டால் கட்டட மணலைக் காட்டுவார்கள். அதைக் கொசுவலைத் துணியில் சலித்து, கீழே விழும் பொடியைத் தள்ளிவிட்டு, மேலே நிற்பதை எடுங்கள். கிரஷர் மணல் என்றால் இன்னும் கவனம், அதில் தூசு அதிகம்.

கழுவாமல் எதையும் உள்ளே போடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு பள்ளிக்கூடக் கிணற்றுக்கு அடுக்கு எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன். ஜல்லியை இறக்கின அன்றே கொட்டிவிட்டார்கள். கிரஷர் தூசு ஒட்டின ஜல்லி. தண்ணீர் சாம்பல் கரைத்த மாதிரி ஆகி ஒரு மாதத்துக்கு மேல் தெளியவில்லை, பிள்ளைகள் அத்தனை நாளும் பக்கத்துத் தெருவிலிருந்து குடம் சுமந்தார்கள். நான் இருந்து பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கழுவின தண்ணீரை நானே கையில் ஏந்திப் பார்க்காமல் ஒரு சட்டி ஜல்லியைக்கூட இறக்க விடுவதில்லை. ஒரு பழைய சிமென்ட் தொட்டியில் போட்டு, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டி, வடியும் தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் கழுவுங்கள். ஜல்லிக்கு மூன்று நாலு தண்ணீர், மணலுக்கு ஏழெட்டுத் தண்ணீர் பிடிக்கும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரிலேயே கழுவுங்கள்.

கிணற்றைக் காலி செய்யாமலேயே இதைப் போடலாம், போட வேண்டும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். அடியில் மண் பொங்கியிருக்கிறது, பக்கத்தில் தரை இறங்கியிருக்கிறது, அந்த உறைக்குள் ஆள் நிற்பது ஆபத்து. அது போக, ஒடுக்கமான கிணற்றுக்குள் காற்று இல்லாமலோ விஷவாயு தங்கியோ ஆட்கள் உயிரை விடுவது நம் ஊரில் வருடா வருடம் நடக்கிறது, ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் போகிற இன்னொருவரும் போகிறார். மெழுகுவத்தி அணையாமல் எரிந்தால் இறங்கலாம் என்பதையும் நம்பாதீர்கள், எல்லா வாயுவையும் அது காட்டிக்கொடுக்காது. உங்கள் வேலைக்கு ஆள் இறங்கும் அவசியமே இல்லை. முதலில் இரும்பு வாளியைக் கயிற்றில் இறக்கி, அடியில் இழுத்து, மேலாகக் கிடக்கும் சேற்றையும் படிகாரக் கசடையும் அள்ளி எடுங்கள். ரொம்ப ஆழமாக அள்ள வேண்டாம், கடைசி உறையின் விளிம்புக்குக் கீழே போனால் உறை மறுபடி இறங்கும். 20 அடியில் மணல் நிற்கிறது என்றால் அங்கேயே நிற்கட்டும், அடுக்கு போக மிஞ்சும் ஆறரை அடித் தண்ணீர் உங்கள் வீட்டுக்குப் போதும். அப்புறம் வாளியின் அடியில் இன்னொரு கயிறு கட்டி, கழுவின பருமணலை நிரப்பி அடி வரைக்கும் இறக்கி, அடிக்கயிற்றை இழுத்துக் கவிழுங்கள். மேலிருந்து கொட்டினால் பெரிசு முதலிலும் பொடிசு பின்னாலும் விழுந்து நாம் பட்ட பாடு வீணாகும். நீளமான மூங்கிலின் நுனியில் ஒரு சின்னப் பலகையை ஆணியடித்து, அதால் தடவித் தடவிப் பரப்புங்கள். கல் கட்டின கயிற்றால் நாலைந்து இடத்தில் அளந்து, எல்லா இடமும் அரை அடி ஏறினதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. நெல்லிக் கட்டை போடச் சொல்வார்கள், அது பழைய வழக்கம், அதை நான் தப்புச் சொல்லமாட்டேன், ஆனால் அடுக்குக்கு அது மாற்று இல்லை.

போட்ட பின் ஒரு நாள் சும்மா விடுங்கள். அப்புறம் முன்பு போலவே மெதுவாக இரண்டு மூன்று நாள் இறைத்துவிட்டு, சாயங்கால டம்ளரைக் காலை டம்ளரோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுக்கு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

படிகாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 22 அடிக் கணக்கில் உங்கள் கிணற்றில் இருக்கும் மூவாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு 100, 150 கிராம் படிகாரமே ஏறக்குறைய போதும். நீங்கள் போட்டது 2 கிலோ. அது மிதக்கும் களித் துகள்களைக் கட்டிகட்டியாகச் சேர்த்து அடியில் இறக்கும், அதனால்தான் இரண்டு நாள் தெளிந்தது. ஆனால் அடியிலிருந்து புதுக் களி வந்துகொண்டே இருக்கும்போது எத்தனை தரம் போடுவீர்கள்? இறங்கின கசடும் ஊற்றுக்கண்ணை அடைத்துக்கொண்டு கிடக்கும். கிணற்றுக்குள் படிகாரம் வேண்டாம். எடுத்து வைத்த தண்ணீருக்கு, இந்த வேலை முடியும் வரைக்கும் துணி துவைக்கப் பாத்திரம் கழுவ, தாராளமாகப் போடலாம்: 15 லிட்டர் குடத்துக்கு ஒரு கொண்டைக்கடலை அளவுப் பொடி, 500 லிட்டர் டிரம்முக்கு 15 கிராம். கரைத்து ஊற்றி ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ராத்திரி முழுக்க வைத்து, அடிக் கசடு அசையாமல் மேலாக மொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வது சரி. குடத்துத் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை நல்ல மருந்து, கலங்கல் நீரை அதன் விதை தெளிய வைப்பதைச் சங்கப் பாட்டிலேயே உவமையாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்பானையின் உட்பக்கம் ஈரத்தோடு நாலைந்து தரம் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் சில மணி நேரத்தில் தெளியும். பானை அளவில்தான் அது, கிணற்றுக்கு இல்லை என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். முருங்கை விதைப் பொடியும் இதே வேலை செய்யும், ஆனால் அந்தத் தண்ணீரை அன்றன்றைக்கே செலவழித்துவிட வேண்டும், நாள் கடந்தால் வாடை வரும்.

பிளீச்சிங் பவுடர் கலங்கலுக்கு மருந்தே இல்லை, அது கிருமிக்கு. கலங்கின தண்ணீரில் போட்டால் மண்ணே குளோரினைத் தின்றுவிடும், கிருமி துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். தண்ணீர் தெளிந்த பிறகு ஒரு தடவை போட வேண்டும், புதுக் கிணற்றுக்கு அது அவசியம், ஆனால் 5 கிலோ இல்லை, 250 முதல் 300 கிராம். மூடி பிரிக்காத புதுப் பாக்கெட்டாக வாங்குங்கள், பழசில் வீரியம் போயிருக்கும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, உறைச் சுவரிலும் படும்படி தெளித்து, வாளியை ஏற்றி இறக்கிக் கலக்கி, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் வாடை போகும் வரைக்கும் மெதுவாக இறைத்துவிடுங்கள், அந்தத் தண்ணீரைக் கன்றுகளுக்கு விட வேண்டாம். கரைக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். அதற்கப்புறம் வழக்கமான பராமரிப்புக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம்தான் கணக்கு, அடுக்கு போட்ட பின் உங்கள் கிணற்றில் மிஞ்சும் தண்ணீருக்கு ஏறக்குறைய ஆறு கிராம்.

தெளிந்துவிட்டது என்பதால் உடனே குடித்துவிடாதீர்கள். இந்தியத் தர நிர்ணயம் 2012இல் குடிநீருக்கு வைத்த கலங்கல் அளவு 1 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு), வேறு வழியே இல்லாவிட்டால் 5 வரைக்கும். நம் கண்ணுக்குக் கலங்கல் தெரிய ஆரம்பிப்பதே ஏறக்குறைய 4க்கு மேல்தான், அதனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது, கிருமி அறவே தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டினால் பரிசோதித்துத் தருவார்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். பிளீச்சிங் போட்டு ஒரு வாரம் கழித்துப் பிடிக்க வேண்டும். உப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும் வரைக்கும் குடிக்கப் பஞ்சாயத்துத் தண்ணீரையே காய்ச்சிக் குடியுங்கள்.

கழிவறைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. கிணற்றிலிருந்து ஐம்பதடிக்குள் இருந்தால் எனக்கு உடனே தெரிவியுங்கள்.

நீர்மூழ்கி மோட்டாரைப் பெட்டியிலேயே வையுங்கள். மணல் கலந்த தண்ணீரில் இறக்கினால் அதன் உள் சக்கரமும் பேரிங்கும் சீக்கிரம் தேய்ந்து போகும், கடைக்காரர் வாரண்டி தரமாட்டார். சாயங்கால டம்ளரில் மணல் ஒரு துகள்கூட உட்காராத நிலை வந்து ஒரு மாதம் கழித்து இறக்கலாம். கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் அதற்குப் பதில் அரை ஹெச்.பி. மேல்நிலை மோட்டாரே வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆழத்துக்கு அதுதான் பொருத்தம், ஊற்றையும் அடித்து இழுக்காது.

உள்வாங்கின தரையை இப்போதே ரப்பிஷ் போட்டு மூடாதீர்கள். மெதுவாக இறைக்கும் நாட்களில் அது இன்னும் இறங்குகிறதா என்று ஒரு குச்சி நட்டுப் பாருங்கள். அடுக்கு போட்டு, ஒரு வாரம் அசையாமல் இருந்தால், வெட்டும்போது வந்த மஞ்சள் களியையே ஈரம் பதமாகப் பிசைந்து, அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் குத்திக் கெட்டிப்படுத்துங்கள். மேல் பத்தடி உறைகளின் மூட்டுகளைச் சிமென்டால் பூசச் சொல்லுங்கள், அதற்குக் கீழே பூச வேண்டாம், ஊற்று வர வழி வேண்டும். பூசுகிறவர் உள்ளே தொங்கித்தான் பூச வேண்டும் என்பதால் அதை அடுக்கும் தரையும் நிலைத்த பிறகுதான் வைத்துக்கொள்ள வேண்டும், இடுப்பில் கயிறு, மேலே இரண்டு ஆள், முன்னதாக ஒரு மணி நேரம் காற்று ஊதும் புளோயரால் உள்ளே காற்று, இது இல்லாமல் அவரை இறக்காதீர்கள். சுற்றிலும் மூன்றடி அகல மேடை, வெளிப்பக்கம் வாட்டம், ஒரு வடிகால். ஐப்பசி மழைக்கு முன்பே இது முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தெளிந்த தண்ணீரை மேலிருந்து மழை கலக்கும்.

புது சிமென்ட் உறையால் தண்ணீர் மேல் வெள்ளையாக ஓர் ஏடு படியலாம், சோப்பு சரியாக நுரைக்காமல் போகலாம். இறைக்க இறைக்கச் சில வாரத்தில் அது தானாகப் போகும்.

கயிறு காட்டின ஆழம், பாட்டிலில் படிந்த மணல் வண்டல் அளவு, ருசியில் உப்பு, கழிவறைத் தொட்டியின் தூரம் இந்த நாலையும் எனக்கு எழுதுங்கள், பருமணல் வாங்கும் முன் ஒரு பிடியைத் தாளில் பரப்பிப் பக்கத்தில் கடுகு வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அது வரைக்கும் கிணற்று வாயில் இரும்பு வலை போட்டு, உள்வாங்கின இடத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போக வேண்டாம்.